பி.டி. ராஜன்: நீதிக்கட்சியின் மதுரை முகம்

பி.டி. ராஜன் என்று அறியப்பட்ட பொன்னம்பல தியாகராஜன் (1892–1974) சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1920 முதல் 1937 வரை உறுப்பினராக இருந்தவர். 1930 முதல் வளர்ச்சி, பொதுப்பணி, பதிவு ஆகிய துறைகளின் அமைச்சர். 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 4 முதல் ஆகஸ்ட் 24 வரை மாகாணத்தின் முதல்வர். நீதிக்கட்சி 1944-இல் திராவிடர் கழகமாக மாறியபோது அதை ஏற்காமல், பழைய பெயரையும் தராசுச் சின்னத்தையும் காத்து நின்றவர்களின் தலைவர். சபரிமலையில் இன்றுள்ள ஐயப்பன் திருமேனியோடும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் 1963 குடமுழுக்கோடும் சேர்த்துப் பேசப்படுபவர். தமிழவேள் என்ற பட்டத்தால் மதுரையில் அழைக்கப்பட்டவர்.

அரசியல் வரலாறுகளில் இவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி: முதல்வர் பொப்பிலி அரசர் ஐரோப்பா சென்றிருந்தபோது சில மாதங்கள் பொறுப்பு வகித்தவர் என்று. பக்தி நூல்கள் ஐயப்பன் சிலையைச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. இரண்டும் இரு வேறு மனிதர்களைப் பற்றியவை போலத் தோன்றும். ராஜனின் வாழ்க்கையை முழுவதுமாகப் பார்த்தால்தான் நீதிக்கட்சி எந்த மண்ணிலிருந்து முளைத்தது, எங்கே தன் வேரிலிருந்து விலகியது என்பது விளங்கும். பதவியும் கோயிலும் அவருக்கு ஒரே உரிமையின் இரண்டு பக்கங்களாக இருந்தன.

ராஜன் 1892 ஏப்ரல் 22 அன்று உத்தமபாளையத்தில் பிறந்தார். அப்போது அது மதுரை மாவட்டம்; 1996-இல் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் இன்று இருக்கிறது. அவர் பிறந்து மூன்றாண்டுகளில், 1895 அக்டோபரில், முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து, வைகையில் சேர்ந்து, மதுரைக்கும் மேலூருக்கும் பாய்ந்தது. பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் நிலமாக அரசுக் கணக்கு இன்றும் சொல்வது 14,707 ஏக்கர். அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கின் பழைய நிலக்கிழார் குடும்பங்களை மாவட்ட அளவில் செல்வாக்குள்ளவையாக ஆக்கியது. ராஜனின் குடும்பம் அவற்றுள் ஒன்று.

மதுரைப் பகுதியில் அப்போது ஆங்கிலக் கல்விக்குப் பஞ்சமில்லை. அமெரிக்கன் மதுரை மிஷன் பசுமலையில் 1840-களிலிருந்தே கல்விக்கூடம் நடத்திவந்தது. பின்னாளில் அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்ததும் பசுமலையில் தொடங்கியதுதான். ராஜன் அந்த வழியில் செல்லவில்லை. இளம் வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள லேஸ் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டின் ஜீசஸ் கல்லூரியிலும் படித்தார். வரலாறும் சட்டமும் அவருடைய பாடங்கள். 1919-இல் பாரிஸ்டரானார். தொழிலுக்கு வழக்கறிஞர் என்றாலும், ஊர் திரும்பிய அடுத்த ஆண்டே அரசியல் அவரை எடுத்துக்கொண்டது.

அவர் திரும்பிய நேரம் அப்படி. 1916 நவம்பரில் சென்னையில் பிட்டி தியாகராயர், டி.எம். நாயர், சி. நடேச முதலியார் முதலியோர் முயற்சியால் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தொடங்கியிருந்தது. அதன் ஆங்கில நாளிதழான ‘ஜஸ்டிஸ்’ பெயராலேயே கட்சியும் நீதிக்கட்சி ஆனது. அரசுப் பணியிலும் கல்வியிலும் பிராமணர் அல்லாதாருக்கு உரிய இடம் வேண்டும் என்பது அதன் முதன்மைக் கோரிக்கை. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சியைக் கொண்டுவந்தது. 1920 நவம்பரில் நடந்த முதல் தேர்தலை ஒத்துழையாமை இயக்கத்தில் இருந்த காங்கிரஸ் புறக்கணித்தது. நீதிக்கட்சி எளிதாக வென்றது. 28 வயது ராஜன் அந்தத் தேர்தலில்தான் சட்டமன்றம் புகுந்தார்.

சட்டமன்றம் என்று சொல்லும்போது இன்றைய அவையை மனத்தில் கொள்ளக்கூடாது. 127 உறுப்பினர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் ஆளுநரால் அமர்த்தப்பட்டவர்கள். நாலு கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் ஓட்டுரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர்தாம். நிலவரியோ நகராட்சி வரியோ வருமான வரியோ குறிப்பிட்ட அளவு கட்டியவருக்கே ஓட்டு. ஆகவே மாவட்டத்தில் நிலமும் குடும்பப் பெயரும் உள்ளவர் பரப்புரை என்று பெரிதாக எதுவும் செய்யாமலே வெல்ல முடிந்தது. ராஜனின் பதினேழு ஆண்டு சட்டமன்ற வாழ்வு இந்தச் சிறிய வாக்காளர் வட்டத்தின் மேல் நின்றது. அந்த வட்டம் விரிந்த அன்றே அவர் தோற்றார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

முதல் பத்தாண்டு அவருக்குப் பயிற்சிக் காலம். 1920 டிசம்பரில் ஏ. சுப்பராயலு ரெட்டியாரும் 1921 ஜூலையில் பனகல் அரசரும் முதல்வரானார்கள். வகுப்புவாரி அரசாணைகள், ஆலய நிர்வாகத்துக்கான இந்து சமய அறநிலையச் சட்டம், தொழில்களுக்கு அரசு உதவிச் சட்டம் ஆகியவை பனகல் காலத்தில் வந்தன. இவற்றில் அறநிலையச் சட்டத்தை ராஜனின் வாழ்வோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1922-இல் முன்வைக்கப்பட்டு, 1925-இல் சட்டமாகி, எதிர்ப்புகளால் 1927-இல் மறுபடி இயற்றப்பட்ட அது, கோயில் சொத்துகளையும் மடங்களின் கணக்குகளையும் ஒரு வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. மதத்தில் அரசு தலையிடுகிறது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. நீதிக்கட்சிக்காரர் பலருக்கு அது கோயிலுக்கு எதிரான சட்டமாகப் படவில்லை. நிலமும் பொன்னும் கொடுத்தவர்கள் தங்கள் முன்னோர். அவை ஒழுங்காகச் செலவாகின்றனவா என்று கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதே அவர்கள் நிலை. நம்பிக்கை இல்லாதவர்களிடமிருந்து வந்த கேள்வி அல்ல அது. கோயிலைத் தம்முடையதாகக் கருதியவர்களே கேட்டார்கள். ராஜன் பின்னாளில் செய்த திருப்பணிகள் இந்த மனநிலையின் தொடர்ச்சி.

1926-இல் ஆட்சியை இழந்த நீதிக்கட்சி 1930 தேர்தலில் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. சித்தூர்ப் பகுதியைச் சேர்ந்த பி. முனுசாமி நாயுடு 1930 அக்டோபர் 27 அன்று முதல்வரானார். அவருடன் ராஜனும் எஸ். குமாரசாமி ரெட்டியாரும் அமைச்சர்கள். மூவரில் ஜமீன்தார் எவரும் இல்லை. கட்சிக்குப் பணம் கொடுத்துவந்த பொப்பிலி, வெங்கடகிரி போன்ற ஜமீன்களுக்கு இது பொறுக்கவில்லை. ராஜன் பெரிய நிலக்கிழார்தான். ஆனால் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரிப் பகுதியின் நிலக்கிழார். ஜமீன் என்பது வேறு உலகம்: குடிகளிடம் தானே வரி தண்டும் உரிமை உடையது. நீதிக்கட்சியின் உட்பூசல்களைப் பிராமணர் – பிராமணர் அல்லாதார் சிக்கலாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். முனுசாமி நாயுடு ஜமீன் குடிகளின் பக்கம் சாய்ந்தவர் என்ற எண்ணமே அவருக்கு எதிரான அணியைத் திரட்டியது.

1932 அக்டோபரில் தஞ்சாவூரில் நடந்த கட்சி மாநாட்டில் பூசல் வெடித்தது. நாயுடு தலைமையை இழந்தார். நவம்பர் தொடக்கத்தில் பதவியையும் விட்டார். நவம்பர் 5-இல் பொப்பிலி அரசர் முதல்வரானார். ராஜனும் குமாரசாமி ரெட்டியாரும் நாயுடுவுடன் வெளியேறவில்லை. புதிய அமைச்சரவையிலும் இருந்தார்கள். இதை ராஜனின் அரசியலில் ஒரு குறையாகவே கருத வேண்டும். ஜமீன் அல்லாத ஒரு தலைமையைக் கட்சி முயன்று பார்த்த சந்தர்ப்பம் அது. அதைக் காப்பாற்ற இயல்பாகவே பொருத்தமானவர், ரயத்துவாரி மாவட்டத்திலிருந்து வந்த ராஜன். அவர் ஆட்சியின் தொடர்ச்சியைத் தேர்ந்தார். பொப்பிலியின் கீழ் கட்சி ஜமீன்தார்களின் கட்சி என்ற பெயரை நிரந்தரமாக வாங்கிக்கொண்டது. ஐந்தாண்டில் அதற்கு விலையும் கொடுத்தது.

அமைச்சராக அவர் கையில் என்ன இருந்தது? இரட்டை ஆட்சியில் துறைகள் இரண்டாகப் பிரிந்திருந்தன. நிலவரி, நிதி, காவல், நீதி, பாசனம், நீர்மின்சக்தி ஆகியவை ஒதுக்கப்பட்டவை. ஆளுநரும் அவருடைய நிர்வாகக் குழுவும் அவற்றைச் சட்டமன்றத்துக்குப் பொறுப்பில்லாமல் நடத்தினார்கள். உள்ளாட்சி, கல்வி, சுகாதாரம், வேளாண்மை, கூட்டுறவு, மீன்வளம், தொழில், கட்டடம், சாலை, பத்திரப்பதிவு ஆகியவை மாற்றப்பட்டவை; இந்திய அமைச்சர்களிடம் இருந்தன. விவசாயிக்கு விதை கொடுக்கும் துறை அமைச்சரிடம். அவன் வயலுக்கு வரும் தண்ணீரும் அவன் கட்டும் தீர்வையும் வேறொருவரிடம். செலவு எதற்கும் நிதி உறுப்பினரின் ஒப்புதல் வேண்டும்.

1934 ஆகஸ்ட் 21-இல் ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்த மேட்டூர் அணையையும் 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காராத் திட்டத்தையும் நீதிக்கட்சி அமைச்சர்களின் சாதனைகளாகச் சொல்லும் வழக்கம் உண்டு. பொதுப்பணி அமைச்சர் என்ற பெயரைப் பார்த்து ராஜனின் கணக்கிலும் அவற்றைச் சேர்க்கத் தோன்றும். பாசனமும் நீர்மின்சக்தியும் ஒதுக்கப்பட்ட துறைகளாக இருந்ததால் அந்தப் பெருமையை அவருக்கு அப்படியே கொடுப்பது சரியாகாது. மேட்டூர் வேலை தொடங்கியதே 1925-இல். பெரிய அணைகளின் நிழலில் நிறுத்தாமலே அவர் துறைகளைப் பார்ப்பது நல்லது; அங்கே சொல்லத்தக்கவை இருக்கின்றன.

அவர் பொறுப்பேற்றது உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில். நெல்லும் நிலக்கடலையும் பருத்தியும் விலை பாதியாக விழுந்தன. கடனும் தீர்வையும் விழவில்லை. விவசாயி லேவாதேவிக்காரரிடமும் நகரத்தார் வட்டிக்கடையிலும் வாங்கியிருந்த கடன், விலை இறங்க இறங்க நெல் அளவில் இரட்டிப்பானது. வளர்ச்சித் துறையின் கையில் இதற்கு இருந்த கருவி கூட்டுறவுதான். 1932-இல் சென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் வந்தது. அதுவரை நடப்பிலிருந்த 1912-ஆம் ஆண்டு அனைத்திந்தியச் சட்டத்துக்குப் பதிலாக மாகாணம் தனக்கெனச் செய்துகொண்ட சட்டம் இது. ஒழுங்காக நடக்காத சங்கத்தின் நிர்வாகக் குழுவைக் கலைக்கும் அதிகாரத்தைப் பதிவாளருக்குக் கொடுத்தது. மந்தக் காலத்தில் தவணை தவறிய சங்கங்கள் பெருகியிருந்ததால் இந்த அதிகாரம் தேவைப்பட்டது. கூட்டுறவு என்பது உறுப்பினர்களின் தன்னாட்சி என்ற கருத்து அதனால் தளர்ந்ததும் உண்மை. சங்கங்களைக் கலைத்துவிட்டுத் தனி அலுவலரை அமர்த்தும் வழக்கம் தமிழ்நாட்டில் பின்னர் எல்லா ஆட்சிகளிலும் தொடர்ந்தது. அதன் சட்ட வேரை இந்த ஆண்டுகளில் காணலாம்.

இரண்டு ஆண்டு கழித்து வந்த நில அடமான வங்கிகள் சட்டம் இன்னும் முக்கியமானது. சாதாரணக் கூட்டுறவுச் சங்கம் விதைக்கும் உரத்துக்கும் ஓராண்டுக் கடன் கொடுக்கும். பழைய கடனை அடைத்து நிலத்தை மீட்க அது உதவாது. அதற்கு இருபது ஆண்டு போலத் தவணை உள்ள கடன் வேண்டும். அப்படிக் கடன் கொடுக்க வங்கியிடம் நீண்டகாலப் பணம் வேண்டும். 1929-இல் அமைந்த மத்திய நில அடமான வங்கி, கடன்பத்திரம் வெளியிட்டு அந்தப் பணத்தைத் திரட்டியது. அந்தப் பத்திரங்களுக்கு அரசு உத்தரவாதம் கொடுப்பதற்கும், தவணை தவறினால் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திராமல் அடமான நிலத்தை விற்பதற்கும் 1934 சட்டம் வழி செய்தது. நிலத்தை அடமானம் வைக்கக்கூடியவர்களுக்கே இதன் பயன் எட்டியது என்பது வெளிப்படை. குத்தகைதாரரும் கூலியாட்களும் இதன் வட்டத்துக்கு வெளியே நின்றார்கள். நிலக்கிழார்களின் கட்சி தன் சொந்த வர்க்கத்தின் நடுத்தட்டைக் காக்கச் செய்த சட்டம் என்று அதைச் சொல்லலாம். ஆயினும் வட்டிக்கடையிலிருந்து பட்டாதாரரை விடுவிக்க ஒரு நிலையான நிறுவனம் அதனால் கிடைத்தது.

1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டம் வந்தது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை விற்க வரும் உழவரிடம் தரகு, சாம்பிள், தருமம் என்று பல பெயரில் பிடித்தம் செய்வதைக் கட்டுப்படுத்தி, எடைக்கும் விலைக்கும் ஒழுங்குமுறை செய்வது அதன் நோக்கம். திருப்பூரில் பருத்திக்கான ஒழுங்குமுறைச் சந்தை 1936-இல் அமைந்தது. இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அந்த வரிசையில் வந்தவை. சாலைத் துறையில் 1931-ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகள் வைத்திருந்த சுங்கச்சாவடிகளை நீக்கி, அதற்கு ஈடாக வாகன வரியிலிருந்து பங்கு கொடுத்தது. மாட்டுவண்டிக்காரர் ஊருக்கு ஊர் காசு கட்டுவது நின்றது. இந்தச் சட்டங்கள் ஒருவரால் மட்டும் ஆனவை அல்ல, ஐ.சி.எஸ். அதிகாரிகளின் கையும் சட்டமன்றத் தேர்வுக்குழுக்களின் கையும் இவற்றில் உண்டு. ஆனாலும் நீதிக்கட்சி ஆட்சியைப் பேசும்போது வகுப்புவாரி உரிமையோடு நிறுத்திவிடாமல், ராஜன் இருந்த துறைகளில் நடந்த இந்த மெல்லிய, நீடித்த வேலைகளையும் எண்ண வேண்டும்.

1936 ஏப்ரலில் பொப்பிலி அரசர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். ஏப்ரல் 4-இல் ராஜன் முதல்வரானார். மூன்று நாளைக்கு முன்புதான் ஒரிசா தனி மாகாணமாகி, கஞ்சமும் ஜெய்ப்பூர்ப் பகுதியும் சென்னையிலிருந்து பிரிந்திருந்தன. ஆளுநர் எர்ஸ்கின். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி வரப்போகும் தேர்தலுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 24-இல் பொப்பிலி திரும்பியதும் ராஜன் தம் துறைகளுக்கு மீண்டார். இடைக்காலப் பொறுப்பில் பெரிய கொள்கை முடிவுக்கு இடமில்லை. அதன் பொருள் வேறு வகையில் இருக்கிறது. அதுவரை முதல்வரான நீதிக்கட்சித் தலைவர்களில் பனகல், முனுசாமி நாயுடு, பொப்பிலி மூவரும் தெலுங்கு மாவட்டத்தவர். தமிழ் மாவட்டத்தவர்களில் சுப்பராயலு ரெட்டியார் தென்னார்க்காட்டுக்காரர். 1926 முதல் 1930 வரை முதல்வராக இருந்த, கட்சி சாராத ப. சுப்பராயன் சேலம் மாவட்டத்தவர். மதுரைச் சீமையிலிருந்து அந்த இருக்கைக்கு வந்த முதல் ஆள் ராஜன். ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, 2001-இல், அதே தேனிப் பகுதியிலிருந்து ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானதும் இன்னொருவர் இல்லாத இடத்தை நிரப்பவே.

1937 பிப்ரவரித் தேர்தலில் எல்லாம் தலைகீழானது. புதிய சட்டம் வாக்காளர் தொகையைப் பல மடங்கு பெருக்கியிருந்தது. காங்கிரஸ் இம்முறை முழு மூச்சாக இறங்கியது. 215 இடங்களில் 159 வென்றது. பொப்பிலி அரசர் வி.வி. கிரியிடம் தோற்றார். ராஜனும் தோற்றார். விவசாயி விலைவீழ்ச்சியில் தவித்தபோது அமைச்சர்கள் மாதம் 4,333 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கினார்கள் என்பது காங்கிரஸ் மேடைகளில் ஓயாமல் சொல்லப்பட்டது. தீர்வையைக் குறைக்கும் அதிகாரம் அமைச்சர்களுக்கு இல்லை என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது; ஆட்சியில் இருந்தவர்கள் அவர்கள்தாம். இரட்டை ஆட்சியின் அமைப்பே அப்படி: பழி அமைச்சருக்கு, பிடி ஆளுநருக்கு. அந்த அமைப்புக்குள் பதினேழு ஆண்டுகளில் பெரும்பகுதி பதவியில் இருந்ததே நீதிக்கட்சியின் சாதனையும் வீழ்ச்சியும்.

தோல்விக்குப் பிறகு கட்சியில் இரண்டு வழிகள் தெரிந்தன. காங்கிரஸ் முதல்வரான ராஜாஜியின் அரசு, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த போராட்டம் நீதிக்கட்சிக்கு வெளியே இருந்தவர்களையும் ஒன்றுசேர்த்தது. பசுமலையில் வாழ்ந்த நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் அவர்களில் முன்னணியில் நின்றவர், வ.உ.சி.யின் நண்பராகவும் காங்கிரஸ்காரராகவும் இருந்தவர் அவர். பதவியில் இல்லாத தமிழறிஞர்களும் மறியலுக்கு வந்த தொண்டர்களும் சிறைசென்ற பெண்களும் சேர்ந்து ஆக்கிய ஓர் அரசியல் அங்கே பிறந்தது. ஈ.வெ. ராமசாமிப் பெரியார் பெல்லாரிச் சிறையில் இருந்தபோதே, 1938 டிசம்பரில், நீதிக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆட்சிமன்றத்தில் வளர்ந்த கட்சி தெருவில் வளர்ந்த இயக்கத்தின் கையில் தன்னை ஒப்படைத்தது.

1944 ஆகஸ்ட் 27 அன்று சேலம் மாநாட்டில் அந்த மாற்றம் முழுமையடைந்தது. கட்சிக்குத் திராவிடர் கழகம் என்று பெயர். அரசு கொடுத்த பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் உறுப்பினர்கள் துறக்க வேண்டும், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது, தேர்தலில் நிற்கக்கூடாது என்ற போக்கு வந்தது. அண்ணாதுரையின் பெயரால் அத்தீர்மானங்கள் அறியப்படுகின்றன. ‘சர்’ பட்டம் பெற்றிருந்த ராஜன் போன்றவர்களுக்கு இது கதவைச் சாத்துவதாக இருந்தது. பட்டத்தை விட மனமில்லாதவர்கள் பிரிந்தார்கள் என்று சொல்வது எளிது. திராவிட இயக்க வரலாறுகளில் அப்படித்தான் படிக்கிறோம். அந்த விளக்கம் போதாது. தேர்தலையும் சட்டமன்றத்தையும் விட்டுவிட்டு உரிமை பெற முடியாது என்பது 1920 முதல் ராஜன் நம்பிய ஒன்று. கடவுள் மறுப்பை அரசியலின் அடிப்படையாக்குவது அவரால் ஏற்க முடியாத மற்றொன்று. முதல் கருத்தில் காலம் அவர் பக்கம் நின்றது: 1949-இல் பெரியாரிடமிருந்து பிரிந்த அண்ணாதுரையின் கட்சி 1957-இல் தேர்தல் களத்துக்கு வந்து, பத்தாண்டில் ஆட்சியைப் பிடித்தது. ராஜனின் கட்சியால் அது ஆகவில்லை. காரணம் அதனிடம் தொண்டர் கூட்டம் இல்லை. ராஜனும் பெரியாரும் இப்படிப் பிரிந்துபோனாலும், தேனி மாவட்டத்தில் இன்று பி.டி.ஆர். கால்வாய் என்றும் தந்தை பெரியார் கால்வாய் என்றும் இரண்டு கால்வாய்கள் சேர்ந்து 5,146 ஏக்கருக்கு நீர் தருகின்றன. ஆண்டுதோறும் தண்ணீர் திறப்பு அறிவிப்பில் அந்தப் பெயர்கள் ஒன்றாகவே வருகின்றன.

பழைய நீதிக்கட்சி 1952-இல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலைச் சந்தித்தது. நிறுத்திய ஒன்பது பேரில் வென்றவர் ராஜன் ஒருவர்தாம், தொகுதி கம்பம். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு இருந்த தேர்தலில், 1937-இல் கைவிட்ட வாக்காளர்கள் இம்முறை அவரைத் தேர்ந்தார்கள். கட்சியின் அமைப்பு கரைந்துபோன பிறகும் பள்ளத்தாக்கில் அவருக்குத் தனிப்பட்ட மதிப்பு இருந்ததை இது காட்டுகிறது. காங்கிரசுக்கு 375-இல் 152 இடமே கிடைத்த, ராஜாஜி அமைச்சரவை அமைத்த சட்டமன்றம் அது. 1952-க்குப் பிறகு நீதிக்கட்சி தேர்தல் கட்சியாக இல்லை. கட்சியின் பொன்விழாவை 1968-இல் ராஜன் தலைமையில் கொண்டாடினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் தி.மு.க. ஆட்சிக்கு வந்திருந்தது. பிட்டி தியாகராயர் காலத்தவர் ஒருவர் அண்ணாதுரை முதல்வராக இருப்பதைப் பார்க்க உயிரோடு இருந்தார்.

இந்தப் பிற்பகுதி வாழ்வில் அவருக்கு நிலைத்த பெயர் தந்தவை கோயில் பணிகள். சபரிமலைக் கோயில் 1950-இல் தீக்கிரையானது. மீண்டும் எழுப்பப்பட்ட கோயிலில் நிறுவ ஐம்பொன்னாலான ஐயப்பன் திருமேனியைச் செய்துகொடுக்கும் முயற்சிக்கு ராஜன் பொறுப்பேற்றார். அதைத் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுசென்று, பிறகு சபரிமலைக்கு எடுத்துச்சென்றார்கள். 1951-இல் அது நிறுவப்பட்டது. நவாப் ராஜமாணிக்கம் தம் நாடகக் குழுவால் ஐயப்பன் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனதும் அந்தக் காலத்தை ஒட்டியே. அதுவரை மலையாள நாட்டிலும் எல்லையோர மாவட்டங்களிலும் மட்டும் பரவலாக இருந்த மாலை போடும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் பெருகியதில் இவ்விரண்டுக்கும் பங்கு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாகச் சபரிமலைக்கு நடக்கும் பாதை பழையது. உத்தமபாளையத்துக்காரருக்கு ஐயப்பன் அயலூர்ச் சாமி அல்ல. அந்த வழிபாட்டில் சாதி பார்க்காமல் எல்லோரும் சாமி என்று ஒருவரை ஒருவர் அழைப்பது, பிராமணர் அல்லாதார் அரசியலிலிருந்து வந்த ஒருவருக்கு ஏற்ற பக்தி வடிவம் என்றும் எண்ண இடமுண்டு.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணிக் குழுவுக்கு ராஜன் தலைவராக இருந்தார். கோபுரங்களின் சுதைச் சிற்பங்களைச் செப்பனிட்டு, வண்ணம் தீட்டி, மண்டபங்களைப் பழுதுபார்த்து, 1963-இல் குடமுழுக்கு நடந்தது. அப்போது அறநிலையத்துறை முழு அரசுத் துறையாகியிருந்தது. 1951 சட்டம் பழைய வாரியத்தைக் கலைத்துவிட்டிருந்தது. ஆட்சியில் காங்கிரஸ். எதிர்க்கட்சி என்ற அளவுக்குக்கூட எஞ்சாத ஒரு கட்சியின் தலைவரிடம் மாநிலத்தின் தலைசிறந்த கோயிலின் திருப்பணியை ஒப்படைத்தார்கள். மதுரையின் வணிகர்களும் நிலக்கிழார்களும் அவர் கேட்டால் கொடுப்பார்கள் என்பது ஒரு காரணம். பனகல் காலச் சட்டத்தை ஆதரித்த கட்சியின் ஆளுக்குக் கோயில் நிர்வாகம் என்ற எண்ணம் புதிதல்ல என்பது இன்னொன்று. பெரியார் பிள்ளையார் சிலை உடைப்பை 1953-இல் அறிவித்து நடத்தினார். பத்தாண்டு கழித்துப் பழைய நீதிக்கட்சித் தலைவர் மீனாட்சிக்குக் குடமுழுக்கு நடத்தினார். இருவரும் தங்களை ஒரே மரபின் வாரிசாகக் கருதியதில் பொய் இல்லை. நீதிக்கட்சிக்குள் தொடக்கத்திலிருந்தே இரண்டு மரபுகளும் இருந்தன: கோயிலில் தன் இடத்தைக் கேட்டது ஒன்று, கோயிலையே கேள்வி கேட்டது மற்றொன்று. இன்றைய தமிழ்நாட்டு அரசியலில் அறநிலையத்துறை குடமுழுக்குகளை நடத்துவதும், கோயில் பற்றிய கடும் விமர்சனம் மேடையில் ஒலிப்பதும் ஒரே கட்சியின் ஆட்சியில் நடப்பதைக் கண்டு வியப்பவர்கள் இந்த இரட்டை வேரை நினைவில் கொள்ளலாம்.

ராஜனுடைய அரசியலில் எளிய மக்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. மதுரைக் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயரோடு பி. கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தது காங்கிரஸ் ஆட்சியின் காலத்தில். அதற்கு முந்தைய நீதிக்கட்சி ஆட்சிகள் ஆலய நிர்வாகத்தைச் சீர்செய்தன. ஆலயக் கதவை எல்லோருக்கும் திறக்கவில்லை. நில அடமான வங்கி பட்டாதாரரைக் காத்தது. பட்டா இல்லாதவரை நினைக்கவில்லை. பதவியில் இடம் கேட்டவர்கள், தமக்குக் கீழே இருந்தவர்களின் இடத்தைப் பற்றித் தாமதமாகவே யோசித்தார்கள். அந்தக் குறை ராஜன் ஒருவருடையது அல்ல, அவர் வர்க்கத்துடையது. அவருக்கும் அதில் பங்கு உண்டு.

பி.டி. ராஜன் 1974 செப்டம்பர் 25 அன்று மறைந்தார். மதுரையிலும் சென்னை கே.கே. நகரிலும் சாலைகள் அவர் பெயர் தாங்குகின்றன. மகன் பி.டி.ஆர். பழனிவேல்ராஜன் தி.மு.க.வில் சேர்ந்து, 1996 முதல் 2001 வரை சட்டமன்றத் தலைவராக இருந்தார். 2006 மே மாதம் இந்து சமய அறநிலையத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்று, சில நாள்களிலேயே காலமானார். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2016-இலும் 2021-இலும் மதுரை மத்தியத் தொகுதியில் வென்று, 2021 மே முதல் 2023 மே வரை மாநிலத்தின் நிதியமைச்சராக இருந்து, பின்னர் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாறினார்.